பழைய ஃபோனைக் குழந்தையின் ஆராய்ச்சிக் கருவி ஆக்குவது எப்படி?

கல்வித் தொழில்நுட்பம் என்றதும் பல வீடுகளில் நினைவுக்கு வருவது மாதத் தவணையில் வாங்கிய டேப்லெட்டும் அதில் ஓடும் வீடியோ பாடமும்தான். அறிவியல் என்றால் எரிமலை வெடிக்கும் அனிமேஷன், இயற்கை என்றால் ஆப்பிரிக்கச் சிங்கம். பிள்ளை ஆர்வமாகத்தான் பார்க்கும். ஆனால் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை அது ஒருமுறைகூடக் கவனித்திருக்காது.

அந்தப் புழுவிலிருந்து தொடங்க நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டி. அறிவியல் பட்டம் தேவையில்லை. அலமாரியில் சும்மா கிடக்கும் ஸ்மார்ட்ஃபோன் ஒன்று போதும். கீழே சொல்லும் செயலிகள் எல்லாம் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியவை ஒரு லென்ஸும் ஒரு காகித நுண்ணோக்கியும் மட்டும். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அதற்கு மேற்பட்டவர்களுக்கு உங்கள் உதவி அவ்வளவாக வேண்டியிருக்காது.

எந்தக் கருவியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். பிள்ளையின் கண்ணும் காதும் எட்டாத இடத்துக்கு அந்தக் கருவி அதை அழைத்துப் போகிறதா, இல்லை பிள்ளைக்குப் பதிலாகத் தானே பார்த்து விடையைச் சொல்லிவிடுகிறதா? முதல் வகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவது வகையைக் கடைசியில், உப்பு போடுவதுபோல அளவாகப் போட வேண்டும்.

செயலி எதையும் இறக்குவதற்கு முன்

முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடித் தொட்டிகள், கிணற்றடி, அடுக்குமாடி வளாகத்தின் சுற்றுச்சுவர், பள்ளி வேப்ப மரத்தடி என எதுவானாலும் சரி, தினமும் கால்மணி நேரம் போய் நிற்க முடிகிற இடமாக இருக்க வேண்டும். வண்டலூருக்கோ முதுமலைக்கோ ஒருநாள் சுற்றுலா போவதைவிட இதற்குப் பலன் அதிகம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் "நேற்று இது இங்கே இல்லையே" என்று பிள்ளைக்குத் தோன்றும்.

அடுத்து ஒரு கோடு போடாத நோட்டு, பென்சில், கூடவே வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பார்க்கும் பொருளைக் கண்ணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பூதக்கண்ணாடி மாதிரி கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. புதிதாக வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இங்கேயே "லென்ஸ் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதல் வாரம் ஃபோனே வேண்டாம். பார்த்ததை வரையச் சொல்லுங்கள். படம் அழகாக இருக்கத் தேவையில்லை, எறும்புக்கு எட்டுக் கால் போட்டிருந்தால் திருத்தாமல், "எண்ணிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விகளை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்கு விடை தெரிந்தாலும் உடனே சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கடினம்தான், அதிலும் ஆசிரியர்களுக்கு.

ஃபோனைத் தயார் செய்வது

சிம்மைக் கழற்றிவிடுங்கள். விளையாட்டு, யூடியூப், வாட்ஸ்ஆப் எல்லாவற்றையும் நீக்குங்கள். செயலிகளை வைஃபையில் இறக்கிவிட்டு, வெளியே போகும்போது ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கேமரா, ஒலிப்பதிவு, உணரிகள் (சென்சார்கள்) எதற்கும் இணையம் தேவையில்லை. ஒரே செயலியில் திரையைப் பூட்டி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது அதைப் போட்டுக் கொடுங்கள். பார்த்த உயிர்களின் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகக் கணக்குத் தொடங்க முடியாது. ஆகவே கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். பிள்ளையின் பெயர், முகம், பள்ளிச் சீருடை எதுவும் படத்தில் வரக் கூடாது.

கேமராதான் முதல் கருவி

தனிச் செயலி தேடி அலைவதற்கு முன், ஃபோனோடு வரும் கேமராவையே பெரும்பாலோர் சரியாகப் பயன்படுத்துவதில்லை. அதிலுள்ள இரண்டு வசதிகள் போதும், ஒரு மாதம் ஓடிவிடும்.

ஒன்று டைம்லாப்ஸ். நம் பொறுமைக்கு எட்டாத மெதுவான அசைவுகளை அது சுருக்கிக் காட்டும். வேகத்தை 60 மடங்கில் வைத்தால் ஒரு மணி நேரம் ஒரு நிமிடமாகிவிடும். தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது அந்திமந்தாரை. மாலை நான்கு மணிக்கு மேல் விரியத் தொடங்கும் என்பதால் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் நேரம் ஒத்துவரும். ஃபோன் அசையாமல் இருப்பதுதான் முக்கியம். ஸ்டாண்டு இல்லாவிட்டால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தலாம். சார்ஜரைச் செருகி வையுங்கள். காற்றடித்தால் பூ ஆடும், ஆகவே ஒரு பக்கம் அட்டை மறைப்பு வையுங்கள்.

அந்திமந்தாரை முடிந்ததும் காய்கறிப் பந்தலுக்குப் போங்கள். சுரைப்பூ மாலையில் விரிகிறது, பூசணிப்பூ விடியலில். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்று வெள்ளை, மற்றது மஞ்சள். ஏன் இந்த நேர வித்தியாசம் என்ற கேள்வியைப் போட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் சுரைப்பூவுக்கு அந்துப்பூச்சி வருகிறதா, காலையில் பூசணிப்பூவுக்குள் தேனீ புரள்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளையே ஒரு விடையோடு வரும். அது பாதிதான் சரியாக இருந்தாலும் பரவாயில்லை.

மற்றது ஸ்லோமோஷன். நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஃபோன், சாதாரண 30 ஃப்ரேம் வீடியோவைவிட எட்டு மடங்கு மெதுவாகக் காட்டும். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுப் படமெடுங்கள்: இலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடுகின்றனவா, வரிசையாகவா? தொட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கம் பரவுகிறது? தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் மூடுமா, ஊதினால் மூடுமா? மறுபடி விரிய எவ்வளவு நேரமாகிறது? இந்த நான்கு கேள்விக்கும் விடை வீடியோவிலேயே இருக்கிறது. பிள்ளை ஒரு அட்டவணை போட்டுக் குறித்துக்கொண்டால் அது முறையான பரிசோதனைதான், அந்தப் பெயரை நீங்கள் சொல்லாவிட்டாலும்.

கறிவேப்பிலைப் புழு

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைவிட மலிவான, உறுதியான பாடம் எனக்குத் தெரியாது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைச் செடிகளில் சில வகைப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். சின்னப் புழு பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம்போல இருக்கும். வளர்ந்து கடைசித் தோலை உரித்ததும் பச்சையாகிவிடும். குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டும். ஒருவித நெடியும் அடிக்கும். பிள்ளைகள் இந்த இடத்தில் கூச்சல் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

வாய் அகன்ற ஒரு பாட்டிலில் இலையோடு புழுவை வைத்து, மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள். தினமும் புது இலை கொடுக்க வேண்டும், எச்சத்தைத் தட்டிவிட வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். அதில் பூச்சி மருந்து இருந்தால் புழு செத்துவிடும். நன்றாகத் தின்று கொழுத்த புழு ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலையும். ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். அதில் இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும்.

கூடு கருத்து, சிறகின் நிறம் வெளியே தெரிய ஆரம்பித்தால் பட்டாம்பூச்சி வெளிவரப் போகிறது என்று பொருள். பெரும்பாலும் காலை நேரத்தில்தான் வரும். முந்தின இரவே ஃபோனை நிறுத்தி, விடிந்ததும் டைம்லாப்ஸை ஓடவிடுங்கள். கசங்கிய சிறகு விரிந்து காயும் காட்சி முழுதும் கிடைக்கும். காய்ந்ததும் பறக்க விட்டுவிட வேண்டும்.

சில சமயம் பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் வெளியே வரும். புழுவின் அல்லது கூட்டுப்புழுவின் உடலில் தாய்க்குளவி இட்ட முட்டைகளிலிருந்து வளர்ந்த ஒட்டுண்ணிகள் அவை. பிள்ளை மனமுடையுமே என்று கூட்டை ஒளித்து வைக்காதீர்கள். நோட்டில் அதிகப் பக்கம் நிரம்புவது அன்றைக்குத்தான்.

கம்பளிப்பூச்சி வகைகளை இப்படி வளர்க்க வேண்டாம். முடி பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். கண்ணில் பட்டால் ஆபத்து. குளவிக்கூடு, பாம்பு, மூடாத கிணறு ஆகியவற்றின் பக்கம் ஃபோனோடு போகக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்கிற பழக்கம் பெரியவர்களுக்கே உண்டு.

பெயர் சொல்லும் செயலிகள்

இனிமேல்தான் சீக், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும். ஐநேச்சுரலிஸ்ட், 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுநிலைத் திட்டமாகத் தொடங்கியது. இன்று உலகெங்கும் பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிர்களின் படங்களைப் போட, தெரிந்தவர்கள் பெயரை உறுதிப்படுத்தும் தளமாக வளர்ந்திருக்கிறது. அதே குழுவின் சீக் செயலி பிள்ளைகளுக்கானது. கணக்கு தேவையில்லை, படம் தானாக வெளியே போகாது. பிள்ளைக்குச் சீக், உங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சீக்கைத் திறந்து செடியை நோக்கிப் பிடித்தால் திரையின் மேலே ஏழு புள்ளிகள் தெரியும். உயிரின் வகைப்பாட்டில் மேலிருந்து கீழே எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்ல முடிகிறதோ அத்தனை புள்ளிகள் நிரம்பும். ஐந்து புள்ளியோடு நின்றுவிட்டால், "குடும்பம் வரைக்கும் தெரிகிறது, அதற்கு மேல் உறுதியில்லை" என்று செயலி ஒத்துக்கொள்கிறது. எனக்கு இந்தச் செயலியில் பிடித்ததே அந்தத் தயக்கம்தான். இன்னும் கிட்டே போ, இலையின் அடிப்பக்கத்தைக் காட்டு, பூவைக் காட்டு என்று பிள்ளையை அது நகர்த்துகிறது.

படமெடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். மரமென்றால் முழு உருவம், பட்டை, இலையின் இரண்டு பக்கம், கிளையில் இலை அமைந்திருக்கும் விதம், பூ அல்லது காய். பூச்சியென்றால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் படத்துக்கு முன் பிள்ளை தன் ஊகத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஃபோன் கிடையாது. விளையாட்டுக்கு இந்த ஒரு விதி போதும்.

செயலி தவறும் இடங்களையும் தேடிப் போங்கள். எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எருக்கின் நஞ்சு அதன் உடலில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடாது. வேறோர் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி, நஞ்சில்லாமலே அதே ஆரஞ்சு உடையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. வெந்தய வரியனின் பின்சிறகு நடுவே சில கரும்புள்ளிகள் உண்டு. போலிக்கு அந்தக் கூட்டம் இல்லை, முன் ஓரத்தில் ஒன்று மட்டும் இருக்கும். மங்கலான படத்தில் செயலி ஏமாறலாம், லென்ஸ் வைத்திருக்கும் பிள்ளை ஏமாறாது. இயந்திரத்தைத் திருத்திய பெருமை ஒருமுறை கிடைத்துவிட்டால், அதன்பின் எந்தத் திரையையும் அது கண்ணை மூடிக்கொண்டு நம்பாது.

ஐநேச்சுரலிஸ்டில் நீங்கள் பதிவேற்றும்போது இரண்டு விஷயம். தொட்டிச் செடி, வளர்ப்பு மீன் போன்றவற்றை "வளர்க்கப்பட்டது" என்று குறிக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுவார்கள், தளத்தில் ரோஜாத் தொட்டிகள் குவிந்துவிடும். வீட்டையும் பள்ளியையும் சுற்றி எடுத்த படங்களுக்கு இடக்குறிப்பை "மறைத்துக் காட்டு" என்று மாற்றுங்கள். அப்போது சரியான புள்ளி வெளியே தெரியாது, சுற்றுவட்டாரம் மட்டும்தான் தெரியும். இனத்தின் பெயரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்த கருத்து வந்தால் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெறும். பிள்ளையோடு சேர்ந்து அதற்காகக் காத்திருப்பதும் நன்றாக இருக்கும்.

காதுக்கு மெர்லின்

பறவைகளைப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது, அதிலும் நகரத்தில். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் வெளியிட்ட மெர்லின் செயலியில் 2021 முதல் ஒலியை வைத்து அடையாளம் காணும் வசதி இருக்கிறது. இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் வெளியே இணையம் இல்லாமல் வேலை செய்யும். விடிந்து அரைமணி நேரத்துக்குள் மாடிக்குப் போய் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல் ஓடும் கீழ்ப்பாதியைக் கையால் மூடிவிட்டு, மேலே நகரும் ஒலிப்படத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மேலே போனால் உச்சக் குரல், கீழே வந்தால் தாழ்ந்த குரல். குயிலின் கூவல் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். செம்போத்தின் "ஊப் ஊப்" அடியில் கட்டை கட்டையாக வரும். பிள்ளைகள் இந்த வடிவங்களை நோட்டில் வரைய ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் ஃபோன் இல்லாமலே ஏழெட்டுக் குரல்களைப் பிரித்துச் சொல்வார்கள். கூவுவது கரிய ஆண் குயில், புள்ளி போட்ட பழுப்புப் பெண் குயில் "கிக் கிக்" என்று கத்திக்கொண்டு பறக்கும் என்பதை நம்மில் பலரே இப்படித்தான் தெரிந்துகொள்கிறோம்.

மலைப்பக்கம் இருப்பவர்கள் துடுப்புவால் கரிச்சானைத் தேடிப் பாருங்கள். மற்ற பறவைகளின் குரலை அப்படியே பாடும் பறவை அது. பட்டியலில் நாலைந்து பெயர் வந்தபின் மரத்தில் ஒரே ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

பதிவு செய்யப்பட்ட குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது பதறும்; கூடு கட்டும் காலத்தில் குஞ்சுகளை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

காகித நுண்ணோக்கி

அந்த லென்ஸுக்கு அடுத்து வாங்கத் தகுந்த ஒரே கருவி எது என்று கேட்டால் நான் சொல்வது ஃபோல்டுஸ்கோப். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மடித்த காகித உடல், நடுவில் ஒரு குட்டிக் கண்ணாடி மணி லென்ஸ், சுமார் 140 மடங்கு பெரிதாக்கும் திறன். உதிரிப் பொருள்களின் அடக்கவிலை ஒரு டாலருக்குள் இருக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் இலக்கு. தயார்ப் பெட்டியாக வாங்கும்போது அதைவிடக் கூடும். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2015-இல் அந்த ஆய்வகத்தோடு கைகோத்து, இதை இங்குள்ள பள்ளி கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தது. உங்கள் பள்ளி ஆய்வகப் பீரோவில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கக் கூடும், கேட்டுப் பாருங்கள்.

ஒற்றைக் கண்ணாடி மணியில் இவ்வளவு தெரியுமா என்று பிள்ளை கேட்டால், டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக்கின் கதையைச் சொல்லுங்கள். 1670-களில் இதே மாதிரி ஒற்றை லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துத்தான் நீர்த்துளிக்குள் நீந்தும் உயிர்களை அவர் பார்த்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது.

மடிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: கண்ணைப் போதுமான அளவு ஒட்டி வைக்கவில்லை, இமைமுடி படும் அளவு நெருங்க வேண்டும்; அல்லது பார்க்கும் பொருள் லென்ஸுக்கு நேரே இல்லை; அல்லது கட்டைவிரலால் காகிதத்தை மிக வேகமாக நகர்த்துகிறோம். ஜன்னல் வெளிச்சத்தையோ விளக்கையோ நோக்கிப் பாருங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது, இந்த லென்ஸ் என்றில்லை, எந்த லென்ஸானாலும். கண்ணால் பார்த்துப் பழகிய பிறகு, கூட வரும் காந்த வளையத்தை ஃபோன் கேமராவில் ஒட்டி நுண்ணோக்கியை அதில் பொருத்தினால் வகுப்பு முழுக்கப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம்.

எதை எந்த வரிசையில் பார்ப்பது? உப்பும் சர்க்கரையும் முதலில். படிக வடிவம் தவறாமல் தெரியும், தோல்வி கிடையாது. பிறகு வெங்காயத்தின் உட்புறம் உரிகிற மெல்லிய சவ்வு. அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு புள்ளி தெரியும். அதுதான் உட்கரு. அடுத்தது செம்பருத்தி மகரந்தம், முள் வைத்த பந்து மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு தலைமயிரை வைத்தால் அளவு ஒப்பிடலாம், மயிரின் தடிமன் பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். செத்துக் கிடந்த பட்டாம்பூச்சியின் சிறகைச் செல்லோடேப்பால் ஒற்றி எடுத்தால் ஓடு வேய்ந்த கூரைபோலச் செதில்கள் வரும்.

கடைசியில்தான் குளத்து நீர். ஒரு பிடி பழைய வைக்கோலைக் குளத்து நீரில் போட்டு, மூடாமல் நிழலில் நாலைந்து நாள் வையுங்கள். நாறும். அந்த நாற்றத்தில்தான் பாக்டீரியாக்கள் பெருகும், அவற்றைத் தின்ன பாரமீசியம் போன்ற ஒருசெல் உயிர்கள் பெருகும். நீரின் மேற்பரப்பை ஒட்டி ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். அவை வேகமாக ஓடுவதால் பஞ்சு இழை ஒன்றிரண்டைச் சொட்டில் போட்டு வழியை மறிக்கலாம். பாரமீசியத்தின் நீளம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், அதாவது கூரிய கண்ணுக்கு ஒரு வெண்புள்ளியாகத் தெரியக்கூடிய அளவுதான். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆசிரியர்கள், ஐவர் குழுவாகப் பிரித்து, ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர்கள் வரையும் முறையை முயலலாம். பார்ப்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் நான்கு படமும் நான்கு விதமாக வரும். அரசு நடுநிலைப் பள்ளியென்றால், 2022 நவம்பரில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் அறிவியல், கணிதத் திட்டமான வானவில் மன்றத்தின் செயல்பாடுகளோடு இதைச் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது.

கொசுவின் சுருதி

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ், ஃபோனுக்குள் இருக்கும் உணரிகளைத் திறந்து காட்டும் செயலி. பட்டியல் நீளமானது, பிள்ளைகளுக்கு இரண்டு சோதனை போதும்.

ஒரு கொசுவைத் தெளிவான பாட்டிலில் பிடித்து, வாயைத் துணியால் மூடி, ஃபோனின் மைக்கை ஒட்டி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒலி நிறமாலைச் சோதனையை ஓடவிட்டால் கொசு பறக்கும் நேரத்தில் வரைபடத்தில் ஒரு முகடு எழும்பும். நொடிக்குச் சில நூறு என்று எண் காட்டும். சிறகு அத்தனை தடவை அடிக்கிறது, அதைத்தான் காதருகே ரீங்காரமாகக் கேட்கிறோம். ஆண் கொசுவின் சுருதி பெண்ணினதைவிட உயரம். மனு பிரகாஷின் ஆய்வகமே 2017-இல், சாதாரண செல்ஃபோன் ஒலிப்பதிவை வைத்துக் கொசு இனங்களைப் பிரித்தறிய முடியும் என்று காட்டியது.

இரண்டாவது, ஒலியின் வேகம். உங்கள் ஃபோனையும் சேர்த்து இரண்டு ஃபோனிலும் ஒலி நிறுத்தற்கடிகாரத்தைத் திறந்து ஐந்து மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் ஃபோனருகே ஒருவர் கைதட்ட, இரண்டும் ஓடத் தொடங்கும். அடுத்து இரண்டாவது ஃபோனருகே மற்றவர் தட்ட, இரண்டும் நிற்கும். இரண்டு கடிகாரங்களின் வித்தியாசம், ஒலி போய்வந்த பத்து மீட்டருக்கான நேரம். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் 0.029 நொடி அளவில் வரும். பத்தை அதால் வகுத்தால் நொடிக்கு 345 மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். புத்தகத்து எண்ணைப் பிள்ளையே அளந்துவிட்டது.

இரவு வானம்

இதற்கு நட்சத்திரங்களின் பெயரையும் இடத்தையும் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலி போதும். ஆனால் வெறுங்கண்ணால் தொடங்குங்கள். மார்கழி, தை மாத இரவுகளில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டினால் ரோகிணியும் அதைத் தாண்டிக் கார்த்திகைக் கூட்டமும் வரும். மறுபக்கம் நீட்டினால் வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். மூன்றின் அருகே சிவந்து தெரிவது திருவாதிரை. கார்த்திகையில் எத்தனை எண்ண முடிகிறது என்று ஆளாளுக்கு எழுதிவிட்டு, பிறகு செயலியைச் சிவப்பு வெளிச்ச நிலைக்கு மாற்றித் திறந்து சரிபார்க்கலாம். திசை தப்பாகக் காட்டினால் ஃபோனைக் காற்றில் எட்டு வடிவத்தில் சுழற்றுங்கள், திசைகாட்டி சரியாகிவிடும்.

எதை விட்டுவிடலாம்

மேசையில் டைனோசர் எழுந்து நடக்கும் செயலிகள் ஒரு மாலைப்பொழுதுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் விலை போட்ட அறிவியல் பெட்டிகளில் பல, ஒரே ஒரு விடையை நோக்கி மட்டுமே ஓடுபவை. ஒருமுறை செய்து முடித்ததும் பரணுக்குப் போய்விடும். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளை இந்த வயதில் கேள்வி எழும்பிய உடனே கொடுப்பதை நான் விரும்பவில்லை. தவறையும் அது அதே தன்னம்பிக்கையோடு சொல்லும். அது சரியாகச் சொன்னாலும் பிள்ளை மறுபடி செடிப்பக்கம் போகாது. மாறாக, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் வழங்கும் ஃபெட் என்ற, திரையிலேயே செய்து பார்க்கும் உருவகச் சோதனைகள் மழைநாளுக்கு ஏற்றவை; சில தமிழிலும் இருக்கின்றன. துளிர் என்ற சிறுவர் அறிவியல் மாத இதழையும் வரவழையுங்கள், அதற்கு சார்ஜர் வேண்டாம்.

பார்த்ததை வெளியே அனுப்புவது

இரண்டு மூன்று மாதம் ஓடியபின் பிள்ளையின் குறிப்பு யாருக்காவது பயன்பட்டால் ஆர்வம் நிலைக்கும். சீசன்வாட்ச் திட்டத்தில் ஒரு மரத்தைத் தத்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் ஒவ்வொன்றும் "இல்லை, கொஞ்சம், நிறைய" என்று குறித்து அனுப்ப வேண்டும். புளி, மா, வேம்பு, சரக்கொன்றை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. பருவநிலை மாற்றத்தால் பூக்கும் காலம் தள்ளிப்போகிறதா என்று ஆய்வாளர்கள் பார்ப்பது இத்தகைய குறிப்புகளை வைத்துத்தான். ஆகவே பூ இல்லாத வாரமும் குறிக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்கு இது முதலில் புரியாது, "ஒன்றும் இல்லையே, எதை எழுதுவது?" என்பார்கள். இல்லை என்பதும் ஒரு தகவல்தான் என்று சொல்லி எழுத வையுங்கள்.

பறவைகளுக்கு இரண்டு நல்ல வாய்ப்புகள்: ஜனவரி நடுவில் பொங்கலை ஒட்டி வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த இனங்களை எண்ணிக்கையோடு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று கடைசியில் அது கேட்கும். காக்கையையும் மைனாவையும் சேர்த்திருந்தால் மட்டும் "ஆம்" என்று அழுத்துங்கள். எண்ண முடியாமல் கூட்டமாகப் பறந்த இனத்துக்கு எண்ணை இட்டுக்கட்டாமல் எக்ஸ் என்று போட்டால் போதும். ஒரே காக்கை மூன்று தடவை தலைக்கு மேல் போனால் அது ஒன்றா, மூன்றா என்று பிள்ளைகளுக்குள் தகராறு வரும். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.